அரிவாள்மணையும் கல்லுப்பும்: நம் கரையில் மீன் ஆய்ந்த வரலாறு

யூபிலி மலர் என்றால் ஆலயம் எழுந்த வரலாறும், பணியாற்றிய பங்குக் குருக்களின் வரிசையும், கோபுரமும் மணியும் வந்த விவரமும் அதில் இடம்பெறும். இடம்பெற வேண்டியவையே. ஆயினும் அக்கோபுரத்தின் அஸ்திவாரத்தில் போட்ட பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சற்றே எண்ணிப் பார்ப்போம். கடலிலிருந்து வந்தது என்று உடனே சொல்லிவிடுவோம். அது பாதி உண்மைதான். கடலிலிருந்து வந்தது மீன். அந்த மீனை உணவாகவும் காசாகவும் மாற்றியது கரையில் நடந்த வேலை. ஆய்ந்து, அலசி, கீறி, உப்பிட்டு, உலர்த்தி, பனையோலைக் கடகத்தில் சுமந்து உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோன அந்த வேலையில் பெரும்பங்கு நம் தாய்மாருடையது, நம் பாட்டிமாருடையது.

முத்துக்குளித்துறை என்று ஏடுகள் கூறும் இக்கரையின் சரித்திரத்தை எழுதியவர்கள் முத்தையும் சங்கையும் பற்றி நிறைய எழுதினார்கள். போர்த்துக்கீசியர் வருகையையும், 1542-ஆம் ஆண்டு புனித சவேரியார் இக்கரைக்கு வந்து சேர்ந்ததையும் எழுதினார்கள். ஆனால் முத்துக்குளிப்பு எல்லா ஆண்டும் நடந்ததில்லை. நடந்த ஆண்டிலும் சில வாரங்களே நீடித்தது. மீன்பாடோ அன்றாடம் நடந்தது. ஏழை வீட்டு அடுப்பு எரிந்தது மீனால்தான். அந்த மீனை ஆயும் முறைகளையும், அவற்றின் பின்னே உள்ள அறிவையும், அதற்கு நேர்ந்த இடையூறுகளையும் இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

மறைநூலில் ஒரு மீன்

மீன் ஆய்வது எழுதத் தகுந்த பொருள்தானா என்று சிலர் கேட்கலாம். நம் மறைநூலிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது. தோபித்து ஆகமத்தின் ஆறாம் அதிகாரத்தில் இளைஞன் தோபியா டைகிரீஸ் ஆற்றில் இறங்கும்போது பெரிய மீன் ஒன்று பாய்ந்து வருகிறது. அதைப் பிடித்துக் கரைக்கு இழுத்ததும், உடன் வந்த இரபேல் வானதூதர் அதை அறுக்கும்படியும், பித்தம், இருதயம், ஈரல் ஆகியவற்றை எடுத்துப் பத்திரப்படுத்தும்படியும், குடலை எறிந்துவிடும்படியும் சொல்கிறார். பின்பு அம்மீனில் ஒரு பகுதியைச் சுட்டு உண்கிறார்கள், எஞ்சியதை உப்பிடுகிறார்கள். எடுத்து வைத்த பித்தமே பின்னர் முதியவர் தோபித்தின் கண்ணுக்கு மருந்தாகிறது.

அறுத்தல், பயன்படுவதைப் பிரித்தல், கெடுவதை எறிதல், உடனே தின்னாததை உப்பிடுதல் என்னும் நான்கு செயல்களும் அங்கே வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. நம் கரையில் நடந்ததும் இதே நான்குதான்.

கலிலேயாக் கடலோரத்திலும் இத்தொழில் செழித்திருந்தது. மகதலா மரியாளின் ஊரான மகதலாவும், கிரேக்க மொழியில் தாரிக்கேயா என்று வழங்கப்பட்ட ஊரும் ஒன்றே என்பது அறிஞர் பலரின் கருத்து. மீனை உப்பிட்டுப் பதனிடும் இடம் என்பது அப்பெயரின் பொருள். ஆண்டவர் அழைத்த சீடர்கள் வலை வீசிய கடலருகே, அவ்வலையின் பாட்டை ஆய்ந்து உப்பிட்ட கைகளும் இருந்தன என்பதை அந்த ஊர்ப்பெயர் நமக்கு நினைவூட்டுகிறது.

சங்க காலத்து நெய்தற் கரை

நம் மொழியிலும் இத்தொழிலுக்குப் பழைய சாட்சி உண்டு. நற்றிணையின் 45-ஆம் பாட்டில், தேரில் வரும் செல்வர் மகன் ஒருவனிடம் நெய்தல் நிலத்துத் தோழி பேசுகிறாள். தன் தலைவி பரதவர் மகள் என்கிறாள். கொழுத்த சுறாவை அறுத்துக் காயவைத்து, அதைக் கவர வரும் பறவைகளை ஓட்டுவது தங்கள் வேலை என்றும், தங்கள்மேல் புலால் நாற்றம் வீசும் என்றும், ஆதலால் அவன் அகன்று நிற்க வேண்டும் என்றும் கூறுகிறாள். தங்கள் வாழ்வு அவர்களுடைய வாழ்வைப் போன்று உயர்ந்ததல்ல. ஆயினும் தங்களிலும் சிறந்தோர் உண்டு என்று நிமிர்ந்தே பேசி முடிக்கிறாள்.

இப்பாட்டிலிருந்து இரண்டு செய்திகளை அறிகிறோம். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுறாவை அறுத்து உலர்த்தும் வேலை நம் கரையில் நடந்தது. அவ்வேலையின் நாற்றத்தைச் சொல்லி அதைச் செய்தவரைத் தாழ்வாக எண்ணும் வழக்கமும் அன்றே இருந்தது. இந்த இரண்டாவது செய்திக்குக் கட்டுரையின் முடிவில் திரும்ப வருவோம்.

ஆயும் முறைகள்

கட்டுமரமும் வள்ளமும் கரை சேர்ந்ததும் செய்யும் முதல் வேலை பிரிப்பு. பேத்தை மீன் விஷமுள்ளது. அதன் ஈரலிலும் சினையிலும் உள்ள நஞ்சு சமைத்தாலும் போகாது. ஆகையால் அது முதலில் எறியப்படும். கெளிறு மீனின் மூன்று முட்களும், திருக்கையின் வால் முள்ளும் கையில் ஏறினால் கடுக்கும். அவற்றை ஒடித்த பிறகே மீனைத் தொடுவார்கள். சிறுபிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடமும் இதுவே.

அடுத்தது அலசுதல். கிணற்று நீர் அரிதான மணற்கரையில் கடல்நீரிலேயே மீனை அலசினார்கள். இரத்தமும் வழுவழுப்பும் மணலும் போகும்வரை ஓலைப்பெட்டியோடு நீரில் முக்கி எடுப்பார்கள்.

பின்பு அரிவாள்மணை. காலால் பலகையை அமுக்கிக்கொண்டு இரண்டு கைகளாலும் மீனைப் பிடித்து அலகின்மேல் நகர்த்தும் முறை இது. கத்தி நகர்வதில்லை, மீனே நகர்கிறது. இரு கைகளும் மீனைப் பற்றியிருப்பதால் வழுக்குவது குறைவு. செதிளை வாலிலிருந்து தலையை நோக்கிச் சீவுவார்கள். செதிள்கள் தலையிலிருந்து வாலை நோக்கி ஓடுகளைப் போல் அடுக்கப்பட்டிருப்பதால், எதிர்ப்புறமாகச் சீவினால் எளிதில் பெயரும். சாளை, சூடை போன்ற சிறுமீன்களுக்கு அரிவாள்மணை வேண்டியதில்லை. கல்லுப்பைத் தூவி மண்சட்டியின் சொரசொரப்பான உட்புறத்தில் உரசினாலே செதிள் உதிரும். நெத்திலிக்கு இரண்டு விரல்கள் போதும். தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும்.

செவுளையும் குடலையும் எடுப்பதுதான் ஆய்தலின் உயிர்நிலை. நோயற்ற உயிருள்ள மீனின் சதையில் கிருமிகள் இல்லை. மேல்தோலின் வழுவழுப்பிலும் செவுளிலும் குடலிலுமே அவை குடியிருக்கின்றன. மீன் இறந்ததும் அங்கிருந்து சதைக்குப் பரவுகின்றன. குடலிலுள்ள செரிமான நீர்களும் வயிற்றுச் சதையையே அரிக்கத் தொடங்கும். இரை நிறைந்த வயிற்றோடு பிடிபட்ட சாளை சீக்கிரம் வயிறு வெடிப்பதற்குக் காரணம் இதுவே. இதை விஞ்ஞானம் பிற்காலத்தில் விளக்கியது. நம் பாட்டிமாரோ செவுளின் சிவப்பைத் தூக்கிப் பார்த்தும், வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தும் அறிந்திருந்தார்கள்.

குடலை இழுக்கும்போது பித்தப்பை உடையக்கூடாது; உடைந்தால் சதை கசக்கும். ஆகவே வயிற்றை ஆழமாக வெட்டாமல் மேலாகக் கீறி, ஈரலோடு சேர்ந்த பச்சைநிறப் பையை விரலால் தாங்கி எடுப்பார்கள். சினை இருந்தால் தனியே ஒதுக்குவார்கள். அது வீட்டுப் பிள்ளைகளின் பங்கு.

வழுவழுப்பான விலாங்குக்கும் கெளிறுக்கும் அடுப்புச் சாம்பல். சாம்பல் வழுவழுப்பை உறிஞ்சிக்கொள்ளும். அதன் நறநறப்பு தோலைத் தேய்த்துவிடும். அதன்பின் புளியும் உப்பும் தேய்த்துக் கழுவுவார்கள். மீன் நாற்றத்துக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது. புளியின் அமிலம் அதைக் கட்டிவிடுகிறது. குழம்புக்கு முன்பே புளி தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது என்று சொல்லலாம்.

சுறாவும் திருக்கையும் தனி வகை. அவற்றின் சதையில் யூரியா என்னும் பொருள் மிகுதி. மீன் இறந்தபின் அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். ஆதலால் அவற்றைப் பிடித்தவுடன் இரத்தம் வடியவிட்டு, குடல் நீக்கி, துண்டு போட்டுப் பல தண்ணீர் மாற்றிக் கழுவுவார்கள். வெந்நீரில் போட்டு எடுத்தால் சொரசொரப்பான தோல் சுரண்ட வரும். வேகவைத்து உதிர்த்த பால்சுறாவைப் பிள்ளை பெற்ற தாய்க்குப் புட்டாகச் செய்து கொடுத்த வழக்கத்தை யாவரும் அறிவோம்.

சூரை, அயிலை போன்ற மீன்களை வெயிலில் போடவிடமாட்டார்கள். சூடேறிய சூரையைத் தின்றால் உடல் தடித்து அரிக்கும் என்பது அவர்கள் அனுபவம். வெப்பத்தில் இம்மீன்களின் சதையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகிறது, அது சமைத்தாலும் அழிவதில்லை என்று இன்று மருத்துவம் கூறுகிறது.

உப்பிட்டுப் பதனிடல்

அன்றே விற்காத மீனை உப்பிடுவார்கள். பெரிய மீனை முதுகெலும்பை ஒட்டிப் பிளந்து, தடித்த சதையில் கீறல் போட்டு, கீறலுக்குள் கல்லுப்பைத் திணிப்பார்கள். மூன்று அல்லது நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது பொதுவான கணக்கு. உப்பு மீனின் நீரை வெளியே இழுக்கிறது. நீர் குறைந்த சதையில் கிருமி பெருகாது. ஓரிரு நாள் அடுக்கி வைத்தபின் உப்புநீரிலேயே அலசி, ஓலைப்பாயில் உலர்த்துவார்கள்.

நம் தென்கரையில் குழி போடும் முறையும் உண்டு. குடல் நீக்கி உப்பிட்ட மீனை ஓலைப்பாயில் சுற்றி, மணலில் தோண்டிய குழியில் இரண்டு மூன்று நாள் புதைத்து எடுப்பார்கள். மேற்குக் கரையில், மலபாரிலும் தென் கன்னடத்திலும், செவுளும் குடலும் எடுத்த அயிலையை உப்போடும் குடம்புளித் துண்டுகளோடும் தொட்டியில் அடுக்கிக் கல்லேற்றி, பின்பு பீப்பாய்களில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அதற்குக் கொழும்புப் பதனம் என்றே பெயர் வந்தது. தூத்துக்குடியிலிருந்தும் கருவாடு இலங்கைக்குக் கப்பலேறியது.

எதையும் வீணாக்கவில்லை. குடலும் செவுளும் தென்னைக்கு உரமாயின. சுறாவின் ஈரலை உருக்கி எண்ணெய் எடுத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது மேல்நாட்டுக் காட் மீன் எண்ணெய் வரத்துத் தடைப்படவே, சென்னை மாகாண அரசு இந்தச் சுறா எண்ணெயையே நாடியது. கரையோரக் குடிசையில் கொதித்தது அப்போது ஆஸ்பத்திரிக்குப் போயிற்று.

உப்புக்கு வந்த சோதனை

இவ்வளவுக்கும் ஆதாரம் உப்பு. அந்த உப்புக்குத்தான் சோதனை வந்தது. 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. வரி படிப்படியாக உயர்ந்தது. 1888-இல் மணங்குக்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோவுக்கு, 2 ரூபாய் 8 அணா வரி விதிக்கப்பட்டது. கூலிக்காரரின் தினக்கூலி சில அணாக்களாக இருந்த காலம் அது. தூத்துக்குடிக் கரையில் உப்பளங்களில் உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்து கிடந்தது. அருகிலேயே மீன் அழுகிக் கிடந்தது. குவியலில் ஒரு கைப்பிடி அள்ளுவதும், உவர்மண்ணைச் சுரண்டுவதும் சட்டப்படி குற்றம்.

இதன் விளைவை அரசின் மீன்துறை ஆய்வாளராயிருந்த டாக்டர் பிரான்சிஸ் டே 1873-இல் வெளிவந்த தம் அறிக்கையில் எடுத்துக் காட்டினார். உப்பு விலை ஏறியதால் மக்கள் உவர்மண்ணையோ உப்பில்லா வெயிலையோ நம்ப வேண்டியதாயிற்று. அரைகுறையாய்ப் பதனிட்ட மீன் நோய்க்கும் நாற்றத்துக்கும் இடமாயிற்று. பிறகு 1870-களில் தொடங்கி, அரசு மீன் உப்பிடும் களங்களைக் கரையோரமெங்கும் அமைத்தது. அக்களத்துக்குள் மீனுக்கு வரியில்லா உப்பு கிடைத்தது. ஆனால் மீனை அங்கே சுமந்து செல்ல வேண்டும், எடைபோட வேண்டும், கணக்கிட்டுக் கொடுத்த உப்பைக் காவலர் கண்முன்னே மீனில் இட வேண்டும், எஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுபோகலாகாது. வீட்டு முற்றத்தில் கைக்கணக்காக நடந்த வேலை அதிகாரியின் பதிவேட்டுக் கணக்காயிற்று.

கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்ட சர் பிரெடரிக் நிக்கல்சன் 1905 முதல் இம்மாகாணத்தின் மீன்தொழிலை ஆராய்ந்தார். அதன் பயனாக 1907-இல் சென்னை மீன்துறை உருவாயிற்று. நல்ல உப்பும் நல்ல நீரும் கிடைத்தால் மீனவர் நல்ல சரக்குத் தருவார்கள் என்பதைத் துறையின் சோதனைகள் காட்டின. இதை ஒவ்வொரு கரைவீட்டுப் பெண்ணும் முன்பே அறிந்திருந்தாள். அவளுக்கு அறிவு குறைவாயிருக்கவில்லை, உப்புதான் எட்டவில்லை.

1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து சென்று வேதாரணியத்தில் உப்பு அள்ளியதை நாட்டு விடுதலைக் கதையாகப் படிக்கிறோம். கரையோர மக்களுக்கு அது கருவாட்டின் கதையும் ஆகும். 1947 ஏப்ரல் முதல் நாள் உப்பு வரி ஒழிந்தது. சுதந்தரம் பிறப்பதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பே மீனுக்கு விடுதலை கிடைத்துவிட்டது.

பனிக்கட்டி வந்த பின்

1952-இல் கையெழுத்தான இந்திய நார்வே ஒப்பந்தத்தின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் விசைப்படகும் பனிக்கட்டியும் புகுந்தன. பின்பு தென்கரை முழுவதும் அவை பரவின. பனிக்கட்டி நல்லது, மீன் கெடாமல் தொலைவு செல்கிறது. ஆனால் அதனோடு வேலையின் இடமும் மாறிற்று. வீட்டுவாசலில் தன் கணவன் பாட்டைத் தானே ஆய்ந்து, தானே விலைபேசி விற்ற பெண், இறால் உரிக்கும் கொட்டகையில் எடைக்கணக்குக் கூலியாள் ஆனாள். ஏற்றுமதி இறால் அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தது. குளிர்நீரில் நாள் முழுதும் நின்ற அவள் விரல்கள் வெடித்தன.

இன்று நகரச் சந்தையில் கூலிக்கு மீன் வெட்டித் தருகிறார்கள். வீட்டில் அரிவாள்மணை பரணில் ஏறிவிட்டது. நம் பிள்ளைகளில் பலர் மீனின் பெயரையும் துண்டைப் பார்த்துச் சொல்ல அறியார். காலம் மாறுவதைத் தடுக்க இயலாது, தடுக்கவும் வேண்டாம். பழையதெல்லாம் நல்லது என்பதும் இல்லை. வெறும் மணலில் நெத்திலி உலர்த்துவதைவிட உயரத்தில் கட்டிய வலைமேல் உலர்த்துவதே சுத்தம். சாக்கடை கலக்கும் கரைநீரில் மீன் அலசுவது இன்று தகாது. தூய நீரே வேண்டும். ஆனால் செவுளைப் பார்த்து வாங்குவதும், வாங்கியவுடன் குடல் நீக்குவதும், சூரையைச் சூடேறவிடாததும் என்றைக்கும் மாறாத அறிவு. அது கைமாறாமல் போனால் இழப்பு நமக்கே.

நாற்றம் என்றவர்களுக்கு

2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டுப் பேருந்தில் ஏறிய மூதாட்டி ஒருவர், மீன் நாற்றம் வீசுகிறது என்று கூறி இறக்கிவிடப்பட்டார். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்டதை நாடே பார்த்தது. முதலமைச்சர் அதைக் கண்டித்தார். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். நற்றிணைத் தோழி தேர்க்காரனிடம் கூறிய அதே நாற்றம், இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்தும் ஒரு பெண்ணுக்கு இருக்கையை மறுத்தது.

அன்பார்ந்த பங்கு மக்களே! நாற்றம் என்று மூக்கைப் பொத்துகிறவர்கள் வீட்டுக் குழம்பும் அந்தக் கைகளில் இருந்துதான் தொடங்குகிறது. இறைச்சி விலக்கிய வெள்ளிக்கிழமைகளில் உள்நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களின் உலையில் ஏறியதும் அந்தக் கை ஆய்ந்த மீனே. நம்மில் எத்தனையோ பேரைப் பள்ளிக்கு அனுப்பிய கட்டணம் அந்தக் கடகப்பெட்டியில் இருந்து வந்தது. படித்து, உத்தியோகம் பெற்று, நகரங்களில் குடியேறிய பிள்ளைகள் தங்கள் தாயின் தொழிலைச் சொல்லத் தயங்குவார்களானால், அந்தப் பேருந்தில் நடந்ததற்கும் அதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் ஒன்று செய்வோம். நம் பங்கில் இன்னும் உயிரோடிருக்கும் முதிய தாய்மாரிடம் சென்று உட்கார்வோம். எந்த மீனை எப்படி ஆய வேண்டும், எந்த மாதம் எதை உப்பிட வேண்டும், எதை எறிய வேண்டும் என்று கேட்டு, அவர்கள் வாய்மொழியாகவே எழுதி வைப்போம். திருமுழுக்குப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது. அவர்களுடைய அறிவு இன்னும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அடுத்த யூபிலி மலரில் அப்பக்கங்கள் இடம்பெறட்டும்.

கடல்மேல் சென்றவர்களைக் காத்த தேவன், கரையில் அரிவாள்மணைமுன் குனிந்திருந்தவர்களையும் ஆசீர்வதிப்பாராக!